சர்க்கரை உடம்பும் கழுத்துக் கட்டியும்: குப்பைக்குப் போகும் சீழ்

கழுத்தில் கட்டி வந்தால் செவிலிமேட்டில் நடப்பதும் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் நடப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் இரண்டு நாள் சுண்ணாம்பையும் மஞ்சளையும் குழைத்துப் பற்றுப் போடுவார்கள். வலி கூடினால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு செட் மாத்திரை. அதற்கும் வற்றாவிட்டால் டாக்டர். அவர் கீறி, சீழை வெளியேற்றி, கட்டுப்போட்டு, ஐந்து நாளைக்கு மருந்து எழுதிக் கொடுப்பார். வெளியே வந்த சீழ் பஞ்சோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவிலேயே ஆறிவிடுவதால், அந்தச் சீழில் எந்தக் கிருமி இருந்தது என்று கேட்கும் பழக்கம் நோயாளிக்கும் இல்லை, மருத்துவருக்கும் குறைவு.

சர்க்கரை நோய் உள்ளவரின் கழுத்துக்கு இந்த வழக்கம் பொருந்தாது. அவருடைய கட்டியில் இருக்கும் கிருமி பல நேரம் வேறாக இருக்கிறது. அது கேட்கும் மருந்தும் வேறு, பரவும் வேகமும் வேறு. மருத்துவ இதழ்களில் ‘அபூர்வமான கழுத்துத் தொற்று’ என்று ஒருவர் இருவரைப் பற்றிய குறிப்புகளாக வெளிவருபவற்றை அடுத்தடுத்துப் படித்தால் ஒரு கேள்வி எழும். இவை உண்மையிலேயே அபூர்வமா, நாம் தேடாததால் அபூர்வமாகத் தெரிகின்றனவா? கிடைத்திருக்கும் சான்றுகள் என்னை இரண்டாவது பக்கம் தள்ளுகின்றன.

செவிலிமேடு காஞ்சிபுரத்தின் தென்மேற்கு ஓரத்தில், பாலாற்றங்கரையில் இருக்கிறது. வந்தவாசி சாலை இங்கேதான் ஆற்றைக் கடக்கிறது. வரதராஜப் பெருமாளுக்கு ராமானுஜர் நாள்தோறும் தீர்த்தம் எடுத்துச் சென்றதாக வைணவ மரபு சொல்லும் சாலைக்கிணறு இந்தப் பக்கத்தில்தான். முன்பு தனிப் பேரூராட்சியாக இருந்தது, இப்போது காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. பட்டுத்தறியும் நெல் வயலும் அருகருகே இருக்கிற இடம். இரண்டுமே நம் கேள்விக்கு முக்கியம். தறிக்குழியில் காலை விட்டு நாள் முழுக்க உட்கார்ந்து நெய்கிறவருக்கு நடை குறைவு. வெற்றிலையும் புகையிலையும் வாயில் கிடக்கும், சொத்தைப் பல் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். பல் டாக்டரிடம் போகிற நாளில் தறி நிற்கும், கூலியும் நிற்கும் என்பதால் வலி பொறுக்க முடியாமல் போகும்வரை யாரும் போவதில்லை. வயலில் இறங்குகிறவருக்கோ மழைக்காலச் சேறு. சர்க்கரை நோய் இருவருக்கும் பொதுவாகிவிட்டது.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர் – இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் என்றது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். இந்த நோயைத் தனித் துறையாக எடுத்துப் பார்ப்பதில் சென்னை முன்னோடி. பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948இலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் அதற்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார், 1954இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையே கண்டார். அந்த மரபின் பலனாக, சர்க்கரை என்றால் காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கிட்னியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இன்று பாட்டிகளுக்கும் தெரியும். செருப்பில்லாமல் கோயில் பிரகாரத்தைச் சுற்றும்போது வெயிலுக்குப் பயப்படும் அளவுக்கு அந்த அறிவு வீடுகளுக்குள் வந்துவிட்டது. கழுத்தைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. காலில் புண் வந்தவர் பதறுகிறார். தாடைக்குக் கீழே வீங்கியவர் ‘நெறி கட்டியிருக்கு’ என்று சொல்லிவிட்டுத் தறியில் உட்காருகிறார்.

அந்தப் பதற்றம் கழுத்துக்கு ஏன் வேண்டும் என்பதை அதன் அமைப்பே சொல்கிறது. கழுத்துத் தசைகளையும் ரத்தக் குழாய்களையும் மெல்லிய உறைகள் அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கின்றன. மடித்து வைத்த பட்டுப்புடவைக்குள் தண்ணீர் புகுந்தால் மடிப்போடு மடிப்பாக ஓடுவதைப் போல, சீழ் அந்த உறைகளுக்கு இடையே ஓடும். வெளியே பார்த்தால் எலுமிச்சை அளவு வீக்கம்தான் தெரியும், உள்ளே அது மார்புவரை இறங்கியிருக்கலாம். தொண்டைக்குப் பின்னால் மண்டையோட்டின் அடியில் தொடங்கி உதரவிதானம்வரை நீளும் ஓர் இடைவெளியே உண்டு. அதில் சீழ் இறங்கினால் இதயத்தைச் சுற்றியுள்ள பகுதியில் போய்த் தேங்கும்.

பெரும்பாலும் தொடக்கம் பல்லில்தான். கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர்நுனிகள், நாக்கைத் தாங்கும் தசை தாடையில் ஒட்டுகிற கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். அதனால் அங்கே பிடிக்கும் சீழ் வாய்க்குள் உடையாமல் நேராகக் கழுத்துக்குள் இறங்குகிறது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிரெடரிக் ஃபான் லுட்விக் 1836இல் இந்த நோயின் கொடிய வடிவத்தை விவரித்தார். தாடைக்கடியில் இருபுறமும் கட்டைபோல் கெட்டியாகி, நாக்கு மேலே தூக்கி, மூச்சு அடைபட்டுச் சாகும் நோய் அது. ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் இதில் பாதிப்பேருக்கு மேல் இறந்தார்கள். இன்று இறப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் சிக்கலாகிறவர்களில், கழுத்தைத் திறந்து சுவாசக்குழாயில் ஓட்டை போட வேண்டி வருகிறவர்களில், மருத்துவமனையில் வாரக்கணக்கில் கிடக்கிறவர்களில் சர்க்கரை நோயாளிகள்தான் திரும்பத் திரும்ப முன்னால் நிற்கிறார்கள்.

ரத்தத்தில் சர்க்கரை கூடும்போது கிருமியைத் துரத்திப் பிடித்து விழுங்கும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. அவை தொற்று இருக்கும் இடத்துக்கு வந்துசேரத் தாமதமாகிறது. வந்தபின் விழுங்குவதும் குறைகிறது, விழுங்கியதைக் கொல்லும் திறனும் குறைகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே கெட்டிருப்பதால் மருந்தும் அங்கே முழுதாகப் போய்ச் சேராது. தொற்றோ தன் பங்குக்குச் சர்க்கரையை மேலும் ஏற்றிவிடும். இந்தச் சுழற்சியில் மாட்டிய உடம்பில், வழக்கமாக அடங்கிக் கிடக்கும் சில கிருமிகளுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது.

அவற்றில் முதலில் சொல்ல வேண்டியது கிளெப்சியெல்லா நிமோனியே. சர்க்கரை இல்லாதவரின் கழுத்துச் சீழில் பெரும்பாலும் வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளும் காற்றில்லாமல் வளரும் கிருமிகளும் இருக்கும். தைவானில் 1997 முதல் 2002 வரை சிகிச்சை பெற்ற 185 ஆழ்கழுத்துத் தொற்று நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவர்கள், சர்க்கரை உள்ளவர்களைத் தனியே பிரித்தபோது பட்டியல் தலைகீழானது. அவர்களிடம் முதலிடத்தில் நின்றது கிளெப்சியெல்லா. கிருமி வளர்ந்த சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் அது இருந்தது. அதன்பின் ஆசியாவின் பல மருத்துவமனைகள் இதையே கண்டிருக்கின்றன.

இந்தக் கிருமியில் ஒரு வகை தன்னைச் சுற்றித் தடித்த பசை உறையை உண்டாக்கிக்கொள்கிறது. ஆய்வகத் தட்டில் வளர்ந்த கூட்டத்தைக் கம்பியால் தொட்டு இழுத்தால் நூலாக நீண்டு வரும். அந்த உறை இருப்பதால் வெள்ளணுக்களுக்கு அதை விழுங்குவது கடினம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவரின் வெள்ளணுக்களுக்கு இன்னும் கடினம். இதே வகைதான் கல்லீரலில் சீழ்க்கட்டியை உண்டாக்கி, அங்கிருந்து ரத்தம் வழியாகக் கண்ணுக்குப் போய்ப் பார்வையைப் பறிக்கிறது. ஆகவே கழுத்துச் சீழில் கிளெப்சியெல்லா வளர்ந்தால் வயிற்றை ஒருமுறை ஸ்கேன் செய்து பார்ப்பது வீண் செலவாகாது. நோயாளி கண் மங்குகிறது என்று சொன்னால் அதே நாளில் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் ஊருக்கு இதில் உள்ள சேதி மெடிக்கல் ஷாப் சம்பந்தப்பட்டது. பல்வலிக்கும் தொண்டை வலிக்கும் கைக்கு முதலில் வருவது அமாக்சிசிலின். கிளெப்சியெல்லா பிறவியிலேயே அந்த மருந்தை உடைக்கும் நொதியோடு இருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு நன்றாகக் கேட்கும் அந்த மாத்திரையைச் சர்க்கரை நோயாளி மூன்று நாள், நான்கு நாள் விழுங்கிக்கொண்டிருக்கும்போது கழுத்தில் சீழ் இறங்கிக்கொண்டிருக்கும். வலிநிவாரணி காய்ச்சலை மறைத்துவிடும். செட்டில் சேர்ந்து வரும் ஸ்டீராய்டு மாத்திரை வீக்கத்தைச் சற்றே வற்றவைத்து, சர்க்கரையை நானூறுக்கு ஏற்றிவிடும். இப்படி வந்து சேரும் நாலு நாள் தாமதம்தான் இந்த நோயில் மிகவும் தவிர்க்கக்கூடிய ஆபத்து என்று நான் நினைக்கிறேன்.

கழுத்தின் பெரிய சிரையில் ரத்தம் உறைந்து, அதிலிருந்து சிதறும் துணுக்குகள் நுரையீரலில் போய்ச் சீழ் பிடிக்கவைக்கும் ஒரு நோய்க்குப் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே லெமியேர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. 1936இல் அவர் எழுதிய 20 நோயாளிகளில் 18 பேர் இறந்தார்கள். அங்கே குற்றவாளி ஃபியூசோபாக்டீரியம் என்ற, காற்றை வெறுக்கும் கிருமி. நோயாளிகள் பெரும்பாலும் இளைஞர்கள். ஆசியாவில் அதே நோயைச் சர்க்கரை உள்ள நடுவயதுக்காரர்களிடம் கிளெப்சியெல்லா உண்டாக்குவதாகக் குறிப்புகள் வந்திருக்கின்றன. பாடப்புத்தகத்தில் படித்த முகத்தோடு நோய் நம் ஊருக்கு வருவதில்லை.

இனிச் சொல்லப்போவது மண்ணில் வாழும் ஒரு கிருமி. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் பெயர் கிருஷ்ணசாமி.

1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையில் நோயியலாளராக இருந்தவர் ஆல்ஃபிரட் விட்மோர். அவருடைய உதவி மருத்துவர் சி. எஸ். கிருஷ்ணசாமி. மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கமுள்ள ஏழைகள் சிலர் நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகளோடு இறந்துபோயிருந்தார்கள். பார்த்தால் குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் மாதிரி. ஆனால் இறந்தவர்களுக்குக் குதிரையோடு சம்பந்தமில்லை. சீழிலிருந்து வளர்ந்த கிருமியோ நீந்தியது. கிளாண்டர்ஸ் கிருமி நீந்தாது. அகார் தட்டிலும் அதைவிட வேகமாக வளர்ந்தது. இது இதுவரை யாரும் விவரிக்காத நோய் என்று இருவரும் 1912இல் இந்தியன் மெடிக்கல் கெஸட்டில் எழுதினார்கள். சீழைத் தூக்கி எறியாமல் தட்டில் வளர்த்துப் பார்த்ததால் கிடைத்த கண்டுபிடிப்பு அது. மெலியாய்டோசிஸ் என்ற பெயரை 1921இல் கோலாலம்பூரில் ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும் கொடுத்தார்கள். கிருமியின் இன்றைய பெயர் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லே.

ஈரமண்ணிலும் வயல் தண்ணீரிலும் வாழும் இது, தோலில் உள்ள சிறு வெட்டுக் காயம் வழியாகவும், புயல்மழையில் தெறிக்கும் நீர்த்திவலையை மூச்சில் இழுப்பதாலும், சுத்திகரிக்காத தண்ணீரைக் குடிப்பதாலும் உடம்புக்குள் போகிறது. ஆரோக்கியமானவரை அநேகமாக விட்டுவிடும். பிடித்துக்கொள்வது பெரும்பாலும் சர்க்கரை நோயாளியை. தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் நம் நாட்டிலும் நோயாளிகளின் முதல் பொதுக்கூறு சர்க்கரை நோய்தான். தாய்லாந்துக் குழந்தைகளிடம் இது காதடி உமிழ்நீர்ச் சுரப்பியில் சீழ்க்கட்டியாக வருவது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். பெரியவர்களிடம் கழுத்து நெறிக்கட்டியாகவும், அதே சுரப்பி வீக்கமாகவும், ஆழ்கழுத்துச் சீழாகவும் வருகிறது. காதடி வீங்கினால் நம் வீடுகளில் பொன்னுக்கு வீங்கி என்று சொல்லி வேப்பிலை வைத்துவிடுவார்கள். ஐம்பது வயதுச் சர்க்கரை நோயாளிக்கு ஒரு பக்கம் மட்டும் காதடி வீங்கி, தொட்டால் சுட்டு, சிவந்திருந்தால் அது பொன்னுக்கு வீங்கியாக இருப்பது அரிது.

உடம்புக்குள் போன கிருமி சில நாளிலும் நோயாகலாம், பல ஆண்டு உறங்கியும் எழலாம். இரண்டாம் உலகப்போரில் பர்மா – சயாம் ரயில்பாதையில் கைதியாக வேலை செய்த ஓர் அமெரிக்கப் போர்வீரருக்கு 62 ஆண்டுகளுக்குப் பின் இந்த நோய் வெளிப்பட்டது. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த அதே பாதை. அவர்கள் உடம்பில் என்ன இருந்தது என்று பார்த்தவர் எவருமில்லை.

இந்தியாவில் இந்த நோயை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குப் பெரும் பங்குண்டு. டி. ஜேக்கப் ஜான், மேரி ஜேசுதாசன் உள்ளிட்டோர் 1996இல் வெளியிட்ட கட்டுரை, நாம் காண்பது பனிப்பாறையின் நுனி மட்டும்தானா என்று தலைப்பிலேயே கேட்டது. அதே மருத்துவமனையில் 2008 முதல் 2014 வரை சிகிச்சை பெற்ற 114 பேரைப் பற்றிய ஆய்வு 2019இல் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். வேலூரும் செவிலிமேடும் ஒரே பாலாற்றின் கரையில், சாலைவழி சுமார் 70 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. வேலூரில் நோயாளிகள் கிடைத்தது அந்த மண் மட்டும் கெட்டது என்பதால் அல்ல. அங்கே சீழை வளர்த்துப் பார்க்கும் ஆய்வகமும், வளர்ந்ததை இன்னதென்று அடையாளம் சொல்லும் கண்களும் இருந்தன. 2021 நவம்பரில் பாலாறு இருகரையும் தொட்டு ஓடியதே, அப்படிப்பட்ட மழைக்குப் பிந்தைய வாரங்கள் இந்த நோய் தலைதூக்கும் காலம் என்பது உலகின் பல இடங்களில் கண்ட உண்மை.

இலங்கையின் அனுபவம் இன்னும் தெளிவானது. 1927இல் கொழும்பில் ஓர் ஐரோப்பியரிடம் இந்த நோய் பதிவாகியது. அதன்பின் பல பத்தாண்டுகள் அங்கொருவர் இங்கொருவர் என்றே இருந்தது. 2006க்குப் பிறகு கொழும்பு மருத்துவ பீடத்தின் எனோகா கொரியாவும் அவருடைய குழுவினரும் நாடு முழுக்க உள்ள ஆய்வகங்களுக்கு இந்தக் கிருமியை அடையாளம் காணச் சொல்லிக்கொடுத்து, சந்தேக மாதிரிகளைத் தங்களுக்கு அனுப்பச் செய்தார்கள். சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான நோயாளிகள் தெரியவந்தார்கள். மண் மாறவில்லை, மக்கள் மாறவில்லை, பார்ப்பது மட்டும் மாறியது. உலகளவில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இந்த நோய் வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள், அதில் பெரும்பங்கு தெற்காசியாவில் என்று 2016இல் ஒரு ஆய்வுக்குழு மதிப்பிட்டது. மதிப்பீடுதான் என்றாலும், பதிவான எண்ணிக்கை அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

ஏன் தவறவிடுகிறோம்? ஆய்வகத்தில் இது சூடோமோனாஸ் என்றோ, வெளியிலிருந்து விழுந்த அசுத்தம் என்றோ ஒதுக்கப்பட்டுவிடுகிறது. ஜென்டமைசினுக்கு அடங்காமல், கோ-அமாக்ஸிகிளாவுக்கு அடங்கும் ஒரு கிருமி வளர்ந்தால் சந்தேகப்பட வேண்டும் என்ற எளிய விதி பல இடங்களில் போய்ச் சேரவில்லை. அதைவிடப் பெரிய காரணம் காசநோய்.

தமிழ்நாட்டில் கழுத்தில் நாட்பட்ட நெறிக்கட்டி என்றால் மருத்துவரின் மனம் முதலில் கண்டமாலைக்குப் போகும். அது நியாயம்தான். நுரையீரலுக்கு வெளியே காசநோய் அதிகம் பிடிக்கும் இடங்களில் கழுத்து நெறியும் ஒன்று. சர்க்கரை நோய் காசநோயின் ஆபத்தை ஏறக்குறைய மூன்று மடங்காக்குகிறது. ராயபுரம் எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனையின் விஜய் விஸ்வநாதனும் குழுவினரும் தமிழ்நாட்டுக் காசநோய் மையங்களில் சிகிச்சை பெற்ற 827 பேரைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். 25.3 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய், இன்னொரு 24.5 சதவீதத்தினருக்கு அதன் முந்தைய நிலை. ஆக, இரண்டு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை சரியில்லை. சர்க்கரை நோயாளியின் கழுத்துக் கட்டி காசநோயாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை.

சிக்கல், காசநோய் என்று ஊகித்ததும் தேடலை நிறுத்திவிடுவதில் இருக்கிறது. மெலியாய்டோசிஸும் மாதக்கணக்கில் மெல்ல வளரும், எடையைக் குறைக்கும், சாயங்காலக் காய்ச்சலைக் கொடுக்கும். திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலும், காசநோயில் காணும் முடிச்சும் அழிவும் இதிலும் தெரியலாம். திசு அறிக்கையை மட்டும் வைத்து ஆறுமாத மருந்து தொடங்கப்பட்ட பிறகு, கட்டி கரையாமல் சீழ் பெருகி, கடைசியில் உண்மையான கிருமி வளர்ந்ததாக இந்திய மருத்துவ இதழ்களில் பல குறிப்புகள் உண்டு. காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனை இப்போது அரசு மருத்துவமனைகளில் இலவசம். அதில் கிருமி தெரிந்தால் ஐயம் தீர்ந்தது. தெரியாவிட்டால், அதே சீழில் சாதாரண வளர்ப்புச் சோதனைக்கும் ஒரு பங்கு போயிருக்க வேண்டும். அந்த இரண்டாவது குழாய் அனுப்பப்படாமலேயே போவதுதான் இங்கு வழக்கம். காசநோய் உறுதியானாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வேலையைக் குறைத்துவிடும். சர்க்கரை கட்டுக்குள் இருந்தவருக்கும் ஏறும்.

மற்ற கிருமிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டைஃபாய்டையும் அதன் உறவுக் காய்ச்சல்களையும் கொண்டுவரும் சால்மொனெல்லா, குடலை விட்டுக் கழுத்தில் போய்ச் சீழ் பிடிப்பது உண்டு. பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளிடம்தான், எண்ணிக்கையில் கொஞ்சம்தான். ஆக்டினோமைசிஸ் தாடையோரம் கல்போல் கெட்டியாகி, பல துளைகள் வழியாக மஞ்சள் மணிகளாகச் சீழைக் கசியவிடும். புற்றுநோய் என்று பயந்து வருகிறவர்கள் இதில் அதிகம். முதியவர்களின் காதில் சூடோமோனாஸ் புகுந்து மண்டையோட்டு எலும்பைத் தின்னும் நோயில் ராத்திரியில் தூங்கவிடாத காதுவலியும், பிறகு முகம் கோணுவதும் அடையாளம். ஊக்கு, தீக்குச்சி என்று கையில் கிடைத்ததை வைத்துக் காது குடைகிற பழக்கம் சர்க்கரை உள்ளவருக்கு அறவே ஆகாது. பிடரியில் பல வாயோடு வரும் ராஜபிளவை ஸ்டஃபிலோகாக்கஸ் வேலை. இன்சுலின் வராத காலத்தில் அதற்குப் பலியானவர் பலர். இது அபூர்வத் தொற்றில் சேராது. ஆனால் பலருக்குச் சர்க்கரை இருப்பதே அந்தப் பிளவை வந்தபிறகுதான் தெரியவருகிறது.

2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையோடு வந்த கறுப்புப் பூஞ்சையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது பாக்டீரியா அல்ல, இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே. ஆனால் கட்டுப்பாடற்ற சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் என்ன நேரும் என்பதை நாடே அப்போது பார்த்தது.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். கழுத்தில் வரும் எல்லாக் கட்டியும் தொற்று அல்ல. வலியில்லாமல், சூடில்லாமல், மூன்று வாரத்துக்கு மேல் வளர்கிற கட்டி, அதுவும் புகையிலை போடுகிறவருக்கு, வாய் அல்லது தொண்டைப் புற்றுநோயின் பரவலாக இருக்கலாம். காஞ்சிபுரத்துக்கு அருகிலேயே காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிச் சாப்பிட்டு மாதங்களைக் கரைத்துவிட்டு அங்கே போவது பெரும் துயரம்.

சர்க்கரை நோயாளி எப்போது வீட்டில் காத்திருக்கக் கூடாது? வாயை இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியாவிட்டால், எச்சிலை விழுங்க முடியாமல் வடிந்தால், குரல் மாறினால், மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சு முட்டினால், தாடையின் அடி இருபுறமும் கெட்டிப்பட்டால், தோலை அழுத்தும்போது உள்ளே காற்று நறநறத்தால், அப்போதே பெரிய மருத்துவமனை. ராத்திரி என்றால் ராத்திரியே, 108 ஆம்புலன்ஸில். அங்கே மூச்சுப்பாதையைக் காப்பது முதல் வேலை. சி.டி. ஸ்கேன் சீழ் எதுவரை இறங்கியிருக்கிறது என்று காட்டும். கத்தி வைப்பதற்குத் தயங்கி மருந்தையே நம்பிக்கொண்டிருப்பது சர்க்கரை நோயாளியிடம் அதிகம் பலிப்பதில்லை.

சீழை எடுக்கிற முறையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பஞ்சுக்குச்சியால் மேலே துடைப்பதைவிடச் சிரிஞ்சில் உறிஞ்சி அனுப்புவது நல்லது. குச்சியில் தோல் கிருமிகள் ஒட்டும், காற்றில்லாமல் வளர்பவை செத்துப்போகும். கூடுமானவரை ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் எடுக்க வேண்டும். நோயாளியின் நிலைமை மோசம் என்றால் மருந்து காத்திருக்கக் கூடாது, ரத்த மாதிரியையாவது முதலில் எடுத்துவிடலாம். சீட்டில் ‘சீழ்’ என்று மட்டும் எழுதாமல், சர்க்கரை நோயாளி, வயல் வேலை, மழைக்குப்பின் வந்தது என்று மூன்று சொல் சேர்த்தால் ஆய்வக ஊழியர் வேறு கண்ணோடு தட்டைப் பார்ப்பார். கிராம் சாயமிட்ட கண்ணாடித் துண்டு ஒரு மணி நேரத்துக்குள் பாதிப் பதிலைச் சொல்லிவிடும். கிளெப்சியெல்லா என்றாலும் மெலியாய்டோசிஸ் என்றாலும் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் ஊதாச் சங்கிலி. 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் அந்தச் சாயமுறையைக் கண்டது, கிளெப்சியெல்லாவை நிமோனியா நோயாளிகளின் நுரையீரலில் முதலில் விவரித்த கார்ல் ஃபிரீட்லேண்டரோடு பெர்லினில் வேலை செய்தபோதுதான். நூற்று நாற்பது ஆண்டுப் பழமையான, சில ரூபாய் செலவுள்ள சோதனை.

கிருமி தெரிந்தபின் சிகிச்சையின் நீளமும் தெரிகிறது. சாதாரணக் கழுத்துச் சீழுக்கு இரண்டு, மூன்று வாரம் போதும். மெலியாய்டோசிஸ் என்றால் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது பத்துப் பதினான்கு நாள், அதன்பின் கோ-ட்ரைமாக்ஸசோல் மாத்திரை மூன்று மாதமோ அதற்கு மேலோ. கட்டி ஆறிவிட்டதென்று இடையில் நிறுத்தினால் திரும்பி வரும். இவ்வளவு நாளும் சர்க்கரையை இன்சுலினால் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். இன்சுலின் ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டியிருக்கும் என்ற பயத்தில் மறுப்பவர்கள் நம்மிடையே நிறைய. தொற்று இருக்கிறவரையில் இன்சுலின், அது அடங்கியபின் பலருக்கு மறுபடி மாத்திரையே போதும் என்பதை மருத்துவமனையில் யாராவது உட்கார்ந்து பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மாத்திரை கொடுக்க வருகிறவர் காலைப் பார்ப்பதோடு, வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லையும், தாடைக்கடியையும் ஒருமுறை பார்த்தால் கூடுதலாக இரண்டு நிமிடம் ஆகும். சொத்தைப் பல் இருந்தால் பல் மருத்துவரிடம் சீட்டு எழுதி அனுப்பலாம். அந்தப் பல்லைப் பிடுங்கும் செலவு ஒரு நாள் கூலி, கழுத்துச் சீழோடு படுத்தால் ஒரு பாவுப் புடவைகளின் கூலியே போய்விடும்.

காஞ்சிபுரம் மாவட்டத் தலைமை மருத்துவமனை, செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி, சுற்றிலும் உள்ள தனியார் மருத்துவமனைகள், பல் மருத்துவர்கள் எல்லோரும் சேர்ந்து ஓராண்டுக்கு, ஆடியிலிருந்து அடுத்த ஆனிவரை, சர்க்கரை நோயாளியின் கழுத்திலிருந்து எடுக்கும் ஒவ்வொரு சீழையும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பிப் பதிவுசெய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை. வயது, தொழில், ஊர், அன்றைய சர்க்கரை அளவு, அதற்கு முன் சாப்பிட்ட மாத்திரை, வளர்ந்த கிருமி, அதற்குக் கேட்ட மருந்து. ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும். அடையாளம் தெரியாமல் வளர்கிற கிருமியை வேலூருக்கு அனுப்பிச் சரிபார்க்கலாம். பன்னிரண்டு மாதத்தில் செவிலிமேட்டு நெசவாளரின் கழுத்தில் கிளெப்சியெல்லா எத்தனை பேருக்கு, காசநோய் எத்தனை பேருக்கு, மழைக்குப்பின் கிருஷ்ணசாமியின் கிருமி எத்தனை பேருக்கு என்று தெரிந்துவிடும். எந்த ஆன்டிபயாடிக்கை முதல் நாளே தொடங்குவது என்பதை அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம்.